வெள்ளைக் குதிரை மலைக்கு ஒரு சின்னக் காரில்...

இங்கிலாந்து போய் வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பட்டியல்தான் வரும். ராணி இருந்த அரண்மனை, லண்டன் பாலம், மெழுகுப் பொம்மைகள். ஆக்ஸ்போர்டு என்றால் கல்லூரிகள். அதே ஆக்ஸ்போர்டிலிருந்து முப்பது மைலுக்குள் ஒரு பழைய கார் ஊர், கூரையிலிருந்து பன் வீசும் ஒரு டவுன், மலைச்சரிவில் மூவாயிரம் வருஷமாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு குதிரை, எல்லாம் இருக்கின்றன என்பதை நான் சென்ற ஜூன் மாதம்தான் தெரிந்துகொண்டேன். ஒரே நாளில் சுற்றி வந்துவிடலாம். நாங்கள் சுற்றி வந்தது ஸ்போர்ட்ஸ் காரில்!

உடனே சினிமாவில் வருகிற மாதிரி சிவப்புக் கலரில் பளபளவென்று ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். என் தங்கை மகள் வைத்திருப்பது 2001-ம் வருஷத்து வண்டி. கரும்பச்சை நிறம். இரண்டே இருக்கை. மேலே துணிக் கூரை. ஜப்பானில் ஹிரோஷிமா நகரத்து மாஸ்டா கம்பெனி செய்த எம்.எக்ஸ்.5 என்கிற ரகம். வாங்கியபோதே இருபது வயது தாண்டியாகிவிட்டது. நம் பணத்தில் இரண்டரை லட்சம் கொடுத்தாளாம்.

சுற்றிப் பார்ப்பதோடு எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. "அக்கா, நீ போய் அந்த வண்டியை நேரில் பார். நடு ரோட்டில் நின்று தொலைக்கும் வண்டி என்றால் விற்கச் சொல்லிவிட்டு வா. நான் சொன்னால் கேட்கமாட்டாள்" என்று திருச்சியிலிருந்து கிளம்பும்போதே என் தங்கை சொல்லி அனுப்பியிருந்தாள். பெற்றவளின் கவலை நியாயமானதுதான். பெண் ஆக்ஸ்போர்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். போன குளிர்காலத்தில் ஒரு நாள் நைட் டியூட்டி முடிந்து விடியற்காலையில் வந்து சாவியைத் திருப்பினால் வண்டி உயிரே காட்டவில்லை. உதவி வண்டி வரும்வரை ஒன்றரை மணி நேரம் குளிரில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அதை வாய் தவறி அம்மாவிடம் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அம்மாவுக்குத் தூக்கமில்லை.

பெண்ணின் பக்கத்தையும் சொல்லவேண்டும். சம்பாதிக்க ஆரம்பித்த நாளாக முதலில் படிப்புக் கடன், பிறகு தம்பியின் காலேஜ் ஃபீஸ், அப்புறம் வீட்டுக்கு மாடி. "எனக்கே எனக்குன்னு நான் வாங்கின முதல் சாமான் பெரியம்மா இது" என்றாள். இதற்கு என்ன பதில் சொல்வது? நம்மில் எத்தனை பேர் நமக்கே நமக்கென்று ஒன்று வாங்கியிருக்கிறோம்?

ஏறுவதே ஒரு கலை

முதலில் ஒரு விஷயம். இந்த வண்டியில் ஏறுவது நாற்காலியில் உட்காருவது போல அல்ல. மணையில் உட்காருவது போல! தரையோடு தரையாக இருக்கிறது. ஒரு காலை உள்ளே வைத்து மற்றதை இழுத்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். முதுகைக் காட்டி முதலில் உட்கார்ந்துவிட்டு, இரண்டு முழங்காலையும் சேர்த்து ஒரே சமயத்தில் உள்ளே திருப்ப வேண்டும். இறங்கும்போதும் அப்படியே. இடுப்பு வலி, முழங்கால் வலி உள்ளவர்கள் இந்த ஒரு சூட்சுமத்தை எந்தக் காரிலும் கடைப்பிடிக்கலாம். புடவை கட்டிக்கொண்டும் ஏறினேன். முந்தானையை மட்டும் இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும்.

பின்னால் டிக்கியில் ஒரு நடுத்தரப் பெட்டியும் ஒரு பையும் வைத்தால் இடம் முடிந்தது. எலுமிச்சம்பழ சாதம், தயிர் சாதம், வறுவல், ஃபிளாஸ்கில் காபி, எல்லாவற்றையும் ஒரே கூடைக்குள் அடக்கினோம். துணிக் கூரையைப் பின்னால் மடித்துவிட்டு, தலைக்கு ஒரு பருத்தித் துணியை இறுகக் கட்டிக்கொண்டோம். காது மூடவில்லை என்றால் காற்றடித்துத் தலைவலி வந்துவிடும். வெயில் சுகமாகத்தான் இருக்கும். காற்று வீசுவதால் சூடு தெரியாது. சாயந்திரம் பார்த்தால் முகம் கறுத்து எரியும். ஆகவே முகத்துக்கு வெயில் கிரீமும் கையில் தண்ணீரும் அவசியம்.

பன் வீசும் ஊர்

ஆக்ஸ்போர்டிலிருந்து தெற்கே பத்து கிலோமீட்டர் போனால் ஆபிங்டன். தேம்ஸ் நதிக் கரையில் அமைதியான சின்ன டவுன். சந்தை மைதானத்தின் நடுவில் 'கவுண்டி ஹால்' என்று ஒரு கம்பீரமான கல் கட்டடம் இருக்கிறது. 1680-ஐ ஒட்டிக் கட்டியது. இப்போது அருங்காட்சியகம்.

இந்த ஊரில் ஒரு வேடிக்கை வழக்கம் உண்டு. அரச குடும்பத்தில் முடிசூட்டு விழா, கல்யாணம் என்று வந்தால், ஊர்ப் பெரியவர்கள் இந்தக் கட்டடத்தின் கூரைக்கு ஏறி, கீழே கூடியிருக்கும் ஜனங்களுக்குப் பன்களை வீசுவார்கள். இருநூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. 2023-ல் மூன்றாம் சார்லஸ் மன்னர் முடிசூடியபோதும் வீசினார்கள். பழைய பன்களில் சிலவற்றைக் கெட்டுப்போகாமல் பதப்படுத்தி உள்ளே கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். நம்மூரில் தேர் மேலிருந்து வாழைப்பழம் எறிவார்களே, அதுதான் நினைவுக்கு வந்தது.

ஆனால் என் தங்கை மகள் என்னை அங்கே அழைத்துப் போனது பன்னைக் காட்ட அல்ல, காரைக் காட்ட. ஸ்போர்ட்ஸ் காரைச் சாதாரண சம்பளக்காரர்களின் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்த ஊர்களில் ஆபிங்டனுக்கு முக்கிய இடம் உண்டாம்.

கதை ஆக்ஸ்போர்டில் ஆரம்பிக்கிறது. சைக்கிள் ரிப்பேர் செய்துகொண்டிருந்த வில்லியம் மாரிஸ் என்பவர் கார் வியாபாரத்தில் இறங்கினார். அவருடைய 'மாரிஸ் கராஜஸ்' என்ற கடைக்கு 1922-ல் மானேஜராக வந்தவர் சிசில் கிம்பர். மாரிஸ் செய்த சாதாரணக் கார்களின் அடிப்பாகத்தை எடுத்து, அதன்மேல் அழகான இலேசான உடம்பைக் கட்டி விற்க ஆரம்பித்தார் அவர். கடையின் பெயரில் உள்ள இரண்டு முதலெழுத்துகள்தான் 'எம்.ஜி.' என்று ஆயின. 1929-ல் தொழிற்சாலை ஆபிங்டனுக்கு வந்தது. 1980-ல் மூடும்வரை ஐம்பது வருஷம் இந்த ஊரே அந்தக் கார்களால் பிழைத்தது. 1962-ல் வந்த எம்.ஜி.பி. என்ற ஒரு ரகம் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கிறது. கடைசியாக வெளிவந்தவற்றில் ஒன்றை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். 2019 முதல் நம் ஊர் ரோடுகளிலும் எம்.ஜி. என்ற எழுத்தைப் பார்க்கிறோமே, அது இதே பெயர்தான்; பெயரின் சொந்தக்காரர்கள் பலமுறை மாறி, அது சீனக் கம்பெனி ஒன்றின் கைக்குப் போய், அங்கிருந்து நம்மிடம் வந்திருக்கிறது.

ஆசைக்கு ஒன்று, அவஸ்தைக்கு ஒன்று

அந்தக் காலத்து இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார்களைப் பற்றி அந்த ஊர்க்காரர்களே கிண்டல் செய்வார்கள். எண்ணெய் ஒழுகும், மழைத் தண்ணீர் உள்ளே வரும், ராத்திரியில் விளக்கு அணைந்துவிடும் என்பார்கள். ஆனாலும் ஆசை விடவில்லை. "ஓட்டினால் சந்தோஷம், வைத்திருந்தால் சங்கடம்" என்று கொஞ்சம் கொஞ்சமாக அந்த ரகமே மறைந்துவந்தது.

அந்தச் சமயத்தில், 1970-களின் கடைசியில், பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகைக்காரர் மாஸ்டா கம்பெனிப் பெரியவர் ஒருவரிடம், "பழைய இங்கிலீஷ் காரைப் போல எளிமையான, இலேசான, திறந்த வண்டி ஒன்றை நீங்கள் ஏன் செய்யக்கூடாது?" என்று யோசனை சொன்னார். பத்து வருஷம் கழித்து, 1989-ல் சிகாகோ கார் கண்காட்சியில் அது வெளிவந்தது. 2016-ல் பத்து லட்சமாவது வண்டியைச் செய்து முடித்தார்கள். இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களில் உலகத்திலேயே அதிகம் விற்றது இதுதான் என்று கின்னஸ் புத்தகத்தில் இருக்கிறது.

இந்த வண்டி பெரிய வேகக்காரி அல்ல. அதன் எடை சுமார் ஒரு டன்தான். என்ஜின் முன்னால், தள்ளுவது பின் சக்கரம். ஜப்பான்காரர்கள் இதைச் செய்யும்போது 'ஜின்பா இத்தாய்' என்ற பழைய வாக்கை முன்னால் வைத்துக்கொண்டார்களாம். குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஒரே உடம்பு என்று அர்த்தம். குதிரைமேல் இருந்தபடி அம்பெய்யும் வீரர்களிடமிருந்து வந்த சொல்.

"நம்பலாமா?" என்று கேட்டேன்

ஆபிங்டனிலிருந்து பத்து மைல் சொச்சம் போனால் வாண்டேஜ். ஒன்பதாம் நூற்றாண்டில் ஆண்ட ஆல்ஃபிரட் ராஜா பிறந்த ஊர். 1877-ல் வைத்த அவர் சிலை சந்தைத் திடலில் நிற்கிறது. அதன் எதிரே பெஞ்சியில் உட்கார்ந்து காபியைக் குடித்துக்கொண்டே, வக்கீல் மாதிரி குறுக்கு விசாரணையை ஆரம்பித்தேன்.

"அன்னிக்கு ஏண்டி நின்னுது?"

"நான் ஊருக்கு வந்திருந்தேனே பெரியம்மா, மூணு வாரம்? வண்டி குளிரில் அப்படியே நின்னுது. பாட்டரி இறங்கிப்போச்சு. எந்த வண்டியை அப்படி விட்டாலும் இதான். இப்போ ஊருக்குக் கிளம்பினா, பாட்டரிக்கு மெதுவா சார்ஜ் ஏத்தற சாதனத்தை மாட்டிட்டுத்தான் வரேன். இல்லேன்னா வாரத்துக்கு ஒரு தடவை யாரையாவது அரை மணி ஓட்டச் சொல்லுவேன்."

பிறகு, வாங்குவதற்கு முன் என்னென்ன பார்த்தாள் என்று சொன்னாள். கேட்கக் கேட்க எனக்கே ஆச்சரியம். அங்கே மூன்று வயதுக்கு மேற்பட்ட கார்களை வருஷத்துக்கு ஒரு தரம் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். எம்.ஓ.டி. என்று பெயர். எந்த வருஷம் தேறியது, எதில் தவறியது, எத்தனை மைல் ஓடியிருந்தது என்பதையெல்லாம் வண்டி நம்பரைக் கொடுத்தால் அரசாங்கமே இலவசமாகக் காட்டுகிறது. பெண் பார்க்கும்போது ஜாதகம் பார்ப்பது போல, பத்துப் பதினைந்து வண்டிகளின் ஜாதகத்தைப் பார்த்திருக்கிறாள். 'அடியில் துரு' என்று அடிக்கடி எழுதியிருந்தவற்றை ஒதுக்கிவிட்டாள்.

"என்ஜினுக்கு நான் பயப்படலை. காலாகாலத்துல எண்ணெய் மாத்தினா அது பாட்டுக்கு ஓடும். பயம் துருவுக்குத்தான்" என்றாள்.

குளிர்காலத்தில் ரோட்டில் பனி உறையாமலிருக்க உப்புத் தூவுவார்கள். அது அடித்தகட்டை அரிக்கும். அதோடு இந்த ரகத்துப் பழைய வண்டிகளில் இன்னொரு சூட்சுமம் உண்டு. துணிக் கூரையில் விழும் மழைத் தண்ணீர் இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள சிறு துவாரம் வழியாகக் கீழே வடிந்துவிட வேண்டும். அதில் இலைச் சருகு அடைத்துக்கொண்டால், தண்ணீர் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டுக்குள் தேங்கும். வெளியே பெயின்ட் பளபளக்க, உள்ளேயிருந்து துரு தின்னும்! நம் மொட்டை மாடியில் வேப்பஞ்சருகு குழாய் வாயை அடைத்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்து ஹாலில் ஓதம் தெரியுமே, சாட்சாத் அதே கதை. அதனால் வாங்குமுன் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் கூலி கொடுத்து, வண்டியை லிப்டில் தூக்கி அடியைத் தட்டிப் பார்க்கச் சொன்னாளாம். இப்போது மாதம் ஒரு முறை மெல்லிய பிளாஸ்டிக் கம்பியை அந்தத் துவாரத்தில் விட்டு அடைப்பு எடுத்துவிடுகிறாள்.

என்ஜினுக்குள் டைமிங் பெல்ட் என்று ஒரு ரப்பர் பட்டை உண்டு. குறிப்பிட்ட மைல் ஓடியதும் அல்லது குறிப்பிட்ட வருஷம் ஆனதும் மாற்றிவிட வேண்டும். பழைய சொந்தக்காரர் மாற்றியதற்கு ரசீது இருக்கிறதா என்று கேட்டு வாங்கியிருக்கிறாள். "வாயால சொன்னதை நம்பலை, காகிதத்தை நம்பினேன்" என்றாள்.

வாங்கும் விலையோடு செலவு முடிந்துவிடாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. இன்ஷூரன்ஸ் அதிகம். டயர், பிரேக் எல்லாம் வருஷாவருஷம் ஏதாவது கேட்கும். ஆகவே சம்பளத்திலிருந்து மாதாமாதம் ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கி 'வண்டி உண்டியல்' என்று வைத்திருக்கிறாள். ரிப்பேர் வந்தால் அதிலிருந்து எடுப்பது, வராத மாதம் அது சேர்ந்துகொண்டே போகும். அரிசி டப்பாவுக்குள் பணம் போட்டு வைக்கும் பாட்டியின் பேத்தி அல்லவா!

வேகத்தில் இல்லை சுகம்

வாண்டேஜிலிருந்து மேற்கே மலையடிவாரத்தை ஒட்டி ஒரு குறுகலான ரோடு போகிறது. இடது பக்கம் வழவழவென்று புல் போர்த்திய சுண்ணாம்புக் குன்றுகள். வலது பக்கம் கண்ணுக்கெட்டியவரை வயல், மரம், தேவாலய கோபுரம். ரோடு பாம்பாக வளைந்து வளைந்து ஏறி இறங்கும். இதில் அறுபது மைல்வரை போகச் சட்டம் அனுமதிக்கிறது. அவள் நாற்பதைத் தாண்டவில்லை.

தாண்ட வேண்டிய அவசியமே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தரையோடு உட்கார்ந்திருப்பதால் நாற்பதே எண்பது மாதிரி இருக்கிறது! கியர் குச்சி விரல் நீளம்தான். 'டக்' என்று விழுகிறது. திருப்பம் வருமுன் வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கி, வளைந்து, மறுபடி மெல்ல முடுக்கி... அவள் கையும் காலும் வண்டியோடு பேசிக்கொண்டே வந்தன. கைதேர்ந்தவள் வாணலியில் ஜாங்கிரி பிழிவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது போல இருந்தது எனக்கு.

கூரை இல்லாததால் ஊரே உள்ளே வருகிறது. வெட்டிப் போட்ட புல் வாசனை, எங்கோ ஆட்டுக்குட்டி கத்தும் சத்தம், மரத்தடியில் நுழைந்தால் சில்லென்ற நிழல், வெளியே வந்தால் வெயில். மூடிய காரில் போனால் எனக்கு அரை மணியில் தலை சுற்றும். அன்று முழுக்க அந்த உபத்திரவமே இல்லை.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பெண்ணின் முகத்தைப் பார்த்தேன். பத்து வருஷமாக நான் பார்த்தது கணக்குப் போடும் முகம். யாருக்கு எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று யோசிக்கும் முகம். பாவாடை கட்டிக்கொண்டு ஊஞ்சலில் நின்று ஆடிய அந்தப் பழைய முகத்தை அந்த ரோட்டில்தான் மறுபடி பார்த்தேன்.

மலைமேல் ஏறும் கிளைச்சாலை செங்குத்து. பாதியில் ஒரு திறந்த பழைய கார் மூடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. தண்ணீர் கொதித்து ஆவி பறந்துகொண்டிருந்தது. எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. பக்கத்திலேயே புல்லில் விரிப்பைப் போட்டு, எழுபதைத் தாண்டிய ஒரு தம்பதி நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்! உதவி வேண்டுமா என்று விசாரித்தோம். ஃபோன் செய்தாகிவிட்டது, ஆள் வருவார் என்றார்கள். அந்த நாட்டில் கார் நின்றால் வந்து பார்க்கும் சங்கங்கள் நூறு வருஷத்துக்கு மேலாக இருக்கின்றன. 1905-ல் தொடங்கிய ஏ.ஏ. அதில் ஒன்று. வருஷச் சந்தா கட்டியிருந்தால் போதும்.

"உங்களுக்குக் கோபம் வராதா?" என்று அந்த அம்மாளைக் கேட்டேன். "முதல் இரண்டு வருஷம் வந்தது" என்று சிரித்தார். "அப்புறம் கெட்டிலையும் விரிப்பையும் வண்டியிலேயே வைக்கப் பழகிக்கொண்டேன்."

அதோ, வெள்ளைக் குதிரை!

மேலே வண்டிகளை நிறுத்த இடம் இருக்கிறது. அங்கிருந்து புல்வெளியில் நடக்க வேண்டும். அஃபிங்டன் வெள்ளைக் குதிரை என்பது சிலை அல்ல. மலைச்சரிவில் புல்லையும் மண்ணையும் நீக்கிப் பள்ளம் வெட்டி, வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லை இடித்து நிரப்பி வரைந்த மாபெரும் கோலம். மூக்கிலிருந்து வால்வரை 110 மீட்டர்! நாலைந்து வளைகோடுகள்தான். ஆனால் அது பாய்வது தெரிகிறது. பக்கத்தில் நின்றால் ஏதோ வெள்ளைப் பாதை போலத்தான் இருக்கிறது. கீழே சமவெளியில் தூரத்திலிருந்து பார்த்தால்தான் உருவம் புரியும். 1990-களில் விஞ்ஞானிகள் அடிமண்ணைச் சோதித்து, கிறிஸ்துவுக்கு முன் 1380-க்கும் 550-க்கும் இடைப்பட்ட காலத்தில் வரைந்தது என்று கண்டார்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் எதிரி விமானங்களுக்கு அடையாளமாகிவிடக்கூடாது என்று இதை மூடி மறைத்து வைத்தார்களாம்.

கீழே தெரிவது டிராகன் குன்று. புனித ஜார்ஜ் டிராகனைக் கொன்ற இடம், ரத்தம் சிந்திய இடத்தில் புல் முளைப்பதில்லை என்று கதை. உச்சியில் நிஜமாகவே ஒரு வெள்ளைத் திட்டு மொட்டையாகத் தெரிகிறது.

மழை, வெயில், பனி, ஆடு, மாடு எல்லாவற்றையும் தாங்கி ஒரு மண் கோலம் மூவாயிரம் வருஷம் எப்படி நிற்கும்? தானாக நிற்கவில்லை. கவனிக்காமல் விட்டால் சுற்றிலும் இருக்கும் புல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்து மூடிவிடும். அதனால் தலைமுறை தலைமுறையாக ஊர் ஜனங்கள் கூடிக் களை எடுத்து, புதுச் சுண்ணாம்பு போட்டுக் கெட்டித்து வந்திருக்கிறார்கள். பழைய நாளில் இது பெரிய திருவிழாவாகவே நடந்திருக்கிறது. பந்தயங்கள் நடக்கும், பக்கத்துப் பள்ளத்தாக்கில் வட்டமான பாலாடைக்கட்டியை உருட்டிவிட்டு ஆட்கள் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். 1859-ல் தாமஸ் ஹியூஸ் என்ற எழுத்தாளர் அந்தத் திருவிழாவைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அவர் இந்த ஊரில் பிறந்தவர். இப்போது நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு பொறுப்பேற்றிருக்கிறது. கோடை காலத்தில் தொண்டர்கள் முழங்காலிட்டு உட்கார்ந்து சுத்தியலால் சுண்ணாம்பைத் தட்டுகிறார்கள். அப்படியும் புல் விடுவதில்லை. தலையும் கழுத்தும் ஒடுங்கிப்போயிருப்பதைக் கண்டு, 2024-ல் புல்லைச் செதுக்கிப் பழைய அகலத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

நம் கிராமங்களில் அய்யனார் கோவிலுக்கு மண் குதிரை செய்து வைப்பதும், பழசு உடைய உடையப் புதுசு எடுப்பதும் எனக்கு ஞாபகம் வந்தது. அங்கே புதுசாகச் செய்கிறோம். இங்கே பழசையே புதுப்பிக்கிறார்கள். இரண்டு இடத்திலும் கை வைத்தவர்கள் ஊர் மக்கள்தான்.

ராத்திரியில் லாடம் அடிக்கும் கொல்லன்

குதிரையிலிருந்து 'ரிட்ஜ்வே' என்ற பழங்காலப் பாதையில் மேற்கே ஒரு மைல் சொச்சம் நடந்தால், பீச் மரங்கள் வட்டமாகச் சூழ்ந்த ஒரு கல்லறை மேடு. ஐயாயிரம் வருஷத்துக்கு மேற்பட்டது. ஆளுயரப் பாறைகள் வாசலில் நிற்கின்றன. இதற்கு 'வேலண்டின் கொல்லுப்பட்டறை' என்று பெயர். வழியில் லாடம் கழன்று குதிரை நொண்டினால், அதை இங்கே கட்டிவிட்டு, கல்லின்மேல் ஒரு காசை வைத்துவிட்டுப் போய்விட வேண்டுமாம். கண்ணுக்குத் தெரியாத வேலண்ட் என்ற கொல்லன் லாடம் அடித்து வைத்திருப்பான். காசும் காணாமல் போயிருக்கும்!

எத்தனை நூற்றாண்டானால் என்ன, பிரயாணம் போகிறவர்களின் பயம் ஒன்றுதான்: வழியில் நின்றுவிட்டால்? அன்றைக்குக் குதிரை, இன்றைக்குக் கார். அந்த மரத்தடியில் தயிர் சாதம் சாப்பிட்டுக்கொண்டே என் தங்கைக்கு என்ன சொல்வது என்று தீர்மானித்தேன். நிற்கவே நிற்காத வண்டி என்று உலகத்தில் ஒன்று கிடையாது. எதனால் நிற்கும் என்று தெரிந்து, முன்கூட்டியே பார்த்து, அப்படியும் நின்றால் யாரைக் கூப்பிடுவது என்று ஏற்பாடு வைத்திருப்பவளிடம் பழைய வண்டியும் பத்திரம். ஒன்றும் தெரியாமல் சாவியை மட்டும் திருப்புகிறவளிடம் புது வண்டியும் ஆபத்துதான்.

அன்று ராத்திரியே தங்கைக்கு ஃபோன் செய்தேன். விற்கச் சொல்லவில்லை. மூன்று நிபந்தனை மட்டும் போட்டுப் பெண்ணிடம் சம்மதம் வாங்கியிருந்தேன். ஒன்று, குளிர்காலத்து நைட் டியூட்டிக்கு பஸ்தான். இரண்டு, உதவிச் சங்கத்துச் சந்தாவை ஒரு வருஷமும் விடக்கூடாது. வண்டியில் கம்பளியும் டார்ச்சும் தண்ணீரும் எப்போதும் இருக்க வேண்டும். மூன்று, வருஷப் பரிசோதனையில் அடித்தகட்டில் பெரிய துரு என்று சொன்னால் அழாமல் விட்டுவிட வேண்டும். "கல்யாணமாகிக் குழந்தை வந்தா?" என்றாள் தங்கை. நியாயமான கேள்வி. இரண்டு இருக்கை வண்டி குடும்ப வண்டி அல்ல. ஏர்பேக் வேலை செய்யும் முன்சீட்டில், பின்பக்கம் பார்த்தபடி வைக்கும் கைக்குழந்தை இருக்கையை வைக்கவே கூடாது; இதை எந்தக் காரிலும் இளம் தாய்மார்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். "அப்போ அவளே மாத்திப்பா. இப்போ அவ இஷ்டப்பட்டதை வெச்சுக்கட்டும், விடு" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அந்தத் துவாரத்துல சருகு அடைக்காம பாத்துக்கறாளா?" என்று கேட்டாள் தங்கை.

நீங்களும் போவதானால்: கார் இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம், ஆக்ஸ்போர்டிலிருந்து ஆபிங்டனுக்கும் வாண்டேஜுக்கும் பஸ் இருக்கிறது. குதிரை மலைக்கு மட்டும் வாடகைக் கார் தேவைப்படும். மே முதல் செப்டம்பர்வரை நல்ல காலம். மலைமேல் காற்று பலமாக வீசும். ஸ்வெட்டரும், வழுக்காத ஷூவும் கட்டாயம். மேலே ஹோட்டல் கிடையாது. சாப்பாடும் தண்ணீரும் கையோடு கொண்டுபோங்கள். குதிரையின் வெள்ளைக் கோட்டின்மேல் குழந்தைகளை மிதிக்க விடாதீர்கள்.